முள்மரம் பிடுங்கிய குழியில் பூச்செடி: ஜோத்பூர் பாறைத் தோட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

தண்ணீர் குறைவான இடத்தில் தோட்டம் போடப் போகிறோம் என்று சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "என்ன செடி வைக்கலாம்?" என்ற கேள்விதான். அப்புறம் நர்சரிக்குப் போவோம். வெயில் தாங்கும் என்று அவர்கள் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து, குழி தோண்டி, எரு போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுவோம். சித்திரையில் பாதி செடி காய்ந்துவிடும். ஜோத்பூரில் மேஹ்ரான்கட் கோட்டையை ஒட்டி இருக்கும் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்டார்கள். எந்த இடத்தில் வேர் இறங்கும், அந்த இடத்தை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள். வறட்சியைத் தாங்கும் நாட்டுச் செடிகளை, அதிலும் பல ஆண்டு நிலைத்திருக்கும் பூச்செடிகளை, வீட்டில் வளர்க்க நினைப்பவர்களுக்கு அந்த வரிசை மிகவும் பயன்படும்.

இடமும் மழையும்

ராவ் ஜோதா 1459இல் ஜோத்பூரை நிறுவினார். அவர் எழுப்பிய கோட்டை உட்கார்ந்திருக்கும் மலையும் அதன் சுற்றுப்புறமும் எரிமலைப் பாறை. சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கியது இறுகி உண்டான ரயோலைட் என்ற பாறை அது. கோட்டைக்குப் பக்கத்திலும் கீழேயுமாகப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 70 ஹெக்டேர், நம் கணக்கில் 170 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

ஜோத்பூரின் சராசரி ஆண்டு மழை சுமார் 360 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் இது கால் பங்குதான். நம்மிடத்தில் வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய தூத்துக்குடியிலேயே 650க்குப் பக்கத்தில் பெய்கிறது. ஜோத்பூரில் கிடைக்கும் கொஞ்ச மழையிலும் பெரும்பங்கு ஆடி, ஆவணியை ஒட்டிய நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வானம் பளிச்சென்று இருக்கும். கோடைப் பகலில் வெப்பம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், மார்கழி இரவில் நன்றாகக் குளிரும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் மண். மண் என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் இல்லை. ரயோலைட் மிகக் கடினமான பாறை. அதன் மேல் விழும் மழை வழிந்து ஓடிவிடும். விரிசல் இருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் மண்ணும் தூசும் சேர்ந்து, அதற்குள் ஈரம் தங்கும். ஒரு செடி பிழைப்பதும் சாவதும் அந்த விரிசலைப் பொறுத்தது.

இடத்தைப் பிடித்திருந்தவர்

அந்த விரிசல்களையெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மரம் பிடித்து வைத்திருந்தது. நாம் சீமைக் கருவேலம், வேலிக்கருவை என்று சொல்லும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராதான் அது. 1930களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் தன் விமானத்திலிருந்து இதன் விதைகளைத் தூவச் செய்தார். பாலையைப் பசுமையாக்கும் எண்ணம். மரம் அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பசுமையாக்கிக் கொடுத்தது. இன்றைக்கு ஜோத்பூர் வட்டாரமான மார்வாட் மக்கள் அதை பாவ்லியா, அதாவது பித்துப் பிடித்தது, என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த விஷயத்தில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள். ஜமைக்காவிலிருந்து இதன் விதை 1877இலேயே அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்து, கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. பிற்பாடு விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பியதில் இராமநாதபுரத்துக் கண்மாய்கள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து மாவட்டம் மாவட்டமாக வெட்டினார்கள். அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டிய இடங்கள் பலவற்றில் மறு வருஷமே மரம் திரும்ப எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் ஏராளம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மரத்தின் உறங்கும் மொட்டுகள் அடிக்கட்டையிலும், தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் வேர்க் கழுத்திலும் இருக்கின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு மரம் போய் பத்துக் கிளை கொண்ட புதர் வரும். வேர்க் கழுத்தை முழுதாக எடுத்தால்தான் வேலை முடியும். மண் நிலத்தில் ஜேசிபியை வைத்துப் பிடுங்கலாம். பாறை விரிசலுக்குள் ஜேசிபி என்ன செய்யும்?

சுத்தியலும் காதும்

2006இல் மேஹ்ரான்கட் அருங்காட்சியக அறக்கட்டளை இந்த இடத்தை மீட்கும் பொறுப்பை பிரதீப் கிருஷணிடம் கொடுத்தது. சினிமா இயக்குநராக இருந்து மரங்களின் பக்கம் வந்தவர் அவர். தோட்டக்கலை படித்தவர் இல்லை. அது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். படித்தவர் என்றால் முதலில் லாரியில் வண்டல் மண் கொண்டுவந்து கொட்டியிருப்பார்.

பாறைக்குள்ளிருந்து பாவ்லியாவை எடுக்க அவர்கள் கடைசியில் போய் நின்றது கண்ட்வாலியாக்களிடம். ஜோத்பூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்து வாழும் சமூகத்தார் அவர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, வரும் சத்தத்தைக் கேட்டே உள்ளே கல் எப்படி ஓடுகிறது, எங்கே தட்டினால் பிளக்கும் என்று சொல்லிவிடுவார்கள். உளியும் சுத்தியலும் வைத்து மரத்தைச் சுற்றிப் பாறையைச் செதுக்கி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம் இறங்கி, மொட்டு விடும் பகுதியை முழுசாக வெளியே எடுத்தார்கள். ஒரு மரம், அப்புறம் அடுத்த மரம் என்று இப்படியே. கூலிக்கணக்கு பார்ப்பவர் பக்கத்தில் இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

இந்த மொத்த முயற்சியிலும் என்னை மிகவும் கவர்ந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். மரத்தை எடுத்ததும் பாறையில் ஒரு குழி மிச்சமாகிறது. பாவ்லியா அங்கே வளர்ந்தது என்றால் அங்கே விரிசல் இருக்கிறது, கீழே ஈரம் இறங்குகிறது, வேருக்கு வழி இருக்கிறது என்றுதானே பொருள்? நாட்டுச் செடிக்கு எந்த இடம் சரிப்படும் என்ற நிலஆய்வை எதிரியே எழுபது வருஷமாகச் செய்து கொடுத்திருக்கிறது. அந்தக் குழிகளிலேயே புதுச் செடியை வைத்தார்கள். பிடுங்குவதும் குழி வெட்டுவதும் ஒரே வேலையாகிவிட்டது. வரைபடத்தில் கோடு போட்டு, ஐந்தடிக்கு ஒரு செடி என்று வரிசை பிடிக்கும் தோட்டம் அங்கே வந்திருக்கவே முடியாது. செடிகள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பாறை முடிவு செய்துவிட்டது.

என்ன செடி?

அந்தக் கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம். பாலைவனத்துச் செடி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கத் தோன்றும். மணல்மேட்டில் வளர்வது வேறு, பாறையில் வளர்வது வேறு. மணலில் வேர் நேராகப் பல அடி இறங்கலாம். பாறையில் விரிசல் போகும் வழியில்தான் போக வேண்டும், பக்கவாட்டில் நெளிய வேண்டும், கொஞ்சம் மண்ணில் சமாளிக்க வேண்டும். ஆகவே தார்ப் பாலையின் பாறைப் பகுதிகளில் தானாக வளர்பவற்றைத் தேடிப் போய் விதை சேகரித்தார்கள். கடையில் விற்காத செடிகள் என்பதால் நாற்றங்காலையும் சொந்தமாகவே வைத்துக்கொண்டார்கள்.

முதலிடம் தோர் என்ற கள்ளிக்கு. நம் சதுரக்கள்ளியின் உறவு. தண்டு பச்சையாக இருந்து, வெயிலில் உணவு தயாரிக்கும் இலையின் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், இலையே தேவையில்லை. மழை வந்தால் மட்டும் இலை விடும், ஈரம் போனதும் உதிர்த்துவிடும். குளிர் முடியும் சமயம் நுனியெல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பூ. ஆடு இதன் முள்ளையும் பாலையும் தொடாது. அதனால் இதன் புதருக்குள் விழும் மற்றச் செடிகளின் விதைகள் பத்திரமாக முளைத்து மேலே வரும். ஒரு தோர் வைத்தால் இரண்டு மூன்று செடி இலவசம்.

கைர் என்ற புதரும் இலை இல்லாத வகை. இளவேனிலில் செம்பூ பூக்கும், அதன் காய் ஊறுகாய்க்கும் கறிக்கும் போகும். ரோஹிடா மரத்தின் பூ மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு வரை போகும். ராஜஸ்தானின் மாநிலப் பூ அது. கும்டியா பிசின் தரும். கீம்ப் விளக்குமாற்றுக் குச்சி போல நிற்கும், கூரை வேய உதவும்.

புயி என்ற செடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபூளைக்கு அது அக்கா முறை. பூங்கதிர் முழுக்க வெள்ளைப் பஞ்சாக இருக்கும். பாலைவனத்துக்காரர்கள் அதை உருவித் தலையணையில் அடைப்பார்கள். இலையிலும் தண்டிலும் அதே வெண்மயிர். வெயிலைத் திருப்பி அனுப்பவும், இலையின் மேல் கொஞ்சம் ஈரக்காற்றைப் பிடித்து வைக்கவும் அது உதவுகிறது. செடியைத் தொட்டுப் பார்த்தே வறட்சி தாங்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இலை வழவழவென்று அகலமாக இருந்தால் தண்ணீர் கேட்கும். மயிர், மெழுகு, முள், பால், சாம்பல் நிறம், சின்ன இலை, இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் சமாளித்துக்கொள்ளும். நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை, ஆனால் நர்சரியில் நிற்கும்போது கைகொடுக்கும்.

பூங்காவை 2011இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

எதைச் சாதித்தது, எதை இல்லை

மழைக்குப் பிறகு போகிறவர்களுக்கு அந்த இடம் ஒரு ஆச்சரியம். பல்லாண்டுச் செடிகள் துளிர்க்க, அவற்றின் இடைவெளியில் ஒரு மழைக்கு முளைத்துப் பூத்து விதைத்து மடியும் சிறுசெடிகளும் புற்களும் பாறையை மூடிவிடும். வைகாசியில் போனால் சாம்பல் நிறக் குச்சிகளைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே தோட்டம்தான். பல்லாண்டுச் செடி என்றால் ஆண்டு முழுக்கப் பச்சை என்று அர்த்தமில்லை, கோடையில் ஒடுங்கி மழையில் எழுவதுதான் அதன் வறட்சித் தாங்கல். அதைத் தோல்வி என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினால், ஒடுங்க வேண்டிய செடி அழுகும். நம் வீடுகளில் நாட்டுச் செடிகள் சாவதற்குத் தாகத்தைவிட இந்தப் பாசம்தான் அடிக்கடி காரணமாகிறது.

இன்னொன்று, இந்த வேலை முடிந்தது என்று ஒரு நாள் கிடையாது. சீமைக் கருவேல விதை மண்ணுக்குள் பல காலம் உறங்கும். கால்நடை தின்று சாணத்தோடு போடும், முளைக்கும். குருத்தாக இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த முயற்சியை அப்படியே தூக்கி இராமநாதபுரத்தில் வைக்க முடியாது. ஜோத்பூர்ப் பூங்கா ஒரு அறக்கட்டளைக்கு உட்பட்ட இடம், செலவுக்கு வழி உண்டு, அங்கே யாரும் மரத்தை நம்பிப் பிழைக்கவில்லை. நம் தென்மாவட்டங்களில் கருவேலக் கரியை மூட்டம் போட்டு வயிறு கழுவும் குடும்பங்கள் இருக்கின்றன. மாற்று வழி சொல்லாமல் மரத்தை மட்டும் எடுப்பது வேறு வகை வறட்சியில் கொண்டுபோய் விடும். ஆனால் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு, ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்கு, அடுக்குமாடிக்குப் பின்னால் கிடக்கும் அரை கிரவுண்டுக்கு அவர்கள் வேலை செய்த வரிசையை எடுத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.

நம் வாசலுக்கு

பட்டியலே பாதி பொதுவானது என்பது மகிழ்ச்சி. ஜோத்பூர், பாலி பக்கம் ஆன்வல் என்று ஒரு செடி உண்டு, அதன் பட்டையைத் தோல் பதனிட எடுப்பார்கள். அது நம் ஆவாரை. நம் தோல் தொழிலும் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொன்னவர்கள் மருந்தை மனதில் வைத்துச் சொன்னார்கள். தோட்டக்காரருக்கும் அது பொருந்தும். செம்மண், சரளை, ரோட்டோர மேடு, எங்கும் வரும். வருஷத்தில் பல மாதம் மஞ்சளாகப் பூக்கும். விதைத்தோல் கெட்டி என்பதால் சுடுதண்ணீரில் போட்டு ஒரு இரவு ஊறவைத்து ஊன்றுவது நல்லது. பெரிய செடியைத் தோண்டிக்கொண்டு வந்து நடுவது வீண்வேலை, ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது அரிது.

கொழுஞ்சியும் இரண்டு ஊருக்கும் பொது. நாம் நெல்வயலுக்குப் பசுந்தாள் உரம் என்று மட்டும் நினைக்கும் செடி. அதன் ஊதாப் பூவை யாரும் நின்று பார்ப்பதில்லை. வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் பக்கத்துச் செடிக்கும் உதவி. செம்முள்ளிக்குக் காவி கலந்த மஞ்சள் பூ, வேலியோரம் வைத்தால் முள்ளும் வேலை செய்யும். தரையோடு படர விஷ்ணுகிராந்தி, காலையில் நீலப்பூ விரித்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அதனோடு ஓரிதழ் தாமரை, சிறுபூளை. மூன்றும் சரளை மண்ணில் எரு கேட்காமல் நிற்பவை. எரு கொடுத்தால் இலைதான் கொழுக்கும்.

கிழங்குக்குள் ஒளிந்துகொள்ளும் வகைக்கு நம்மிடம் செங்காந்தள் இருக்கிறது. மாநில மலர், கரூர், திண்டுக்கல் பக்கம் விதைக்காகப் பயிராகவே வைக்கிறார்கள். மழை முடிந்ததும் கொடி காய்ந்து மறையும், கிழங்கு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு, எனவே சின்னக் குழந்தைகளோ ஆடுமாடோ உள்ள வீட்டில் வேண்டாம். காட்டிலிருந்து தோண்டி விற்பவரிடம் வாங்காமல், பயிர் செய்பவரிடம் கிழங்கு வாங்குங்கள்.

பலரும் தவறாகச் சேர்ப்பவை சில உண்டு. நித்தியகல்யாணி வறட்சியில் அசராது, பல்லாண்டு இருக்கும், ஆனால் ஊர் மடகாஸ்கர். கனகாம்பரம் அசல் தென்னிந்தியா, இலங்கை மண்ணுக்குரியது, ஆனால் அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும். தும்பை நாட்டுச் செடிதான், வறட்சிக்கும் அஞ்சாது, ஆனால் அந்தந்தப் பருவத்தோடு முடியும். தானே விதைத்துக்கொள்ளும் என்பதால் அதை விட்டுவைக்கலாம். உண்ணிச்செடியைப் பூ அழகாக இருக்கிறதென்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளைத் தின்றுகொண்டிருப்பது.

நடும் காலம் மட்டும் ஜோத்பூருக்கும் நமக்கும் மாறும். அவர்களுக்குத் தென்மேற்குப் பருவம், நம் கிழக்கு மாவட்டங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. புரட்டாசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் நட்டால், வேர் இறங்க மூன்று மாதம் ஈரம் கிடைக்கும். தையில் நட்டுவிட்டு மாசியில் அழுவதில் பயனில்லை. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை, மேலே தெளிக்காமல், ஒரு குடம் தண்ணீரை மெதுவாக அடியில் இறங்க விடுங்கள். மேல்மண் நனைந்தால் வேர் மேலேயே சுற்றும். இரண்டாம் கோடையில் பாதியாகக் குறைத்து, அப்புறம் நிறுத்திவிடலாம்.

குழி வெட்டும் முன் உங்கள் இடத்தில் இப்போது எது தானாக வளர்கிறது, எங்கே வளர்கிறது என்று ஒரு மழைக்காலம் பாருங்கள். சுவரோரம் ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்கிறதா? அங்கே ஈரம் தங்குகிறது. கட்டட இடிபாடு கொட்டிய மூலையில் கொழுஞ்சி வந்திருக்கிறதா? ஆவாரையும் வரும். பார்த்தீனியமோ கருவேலமோ இருந்தால் முதல் வேலை அதுதான். கருவேலக் கன்றை மழை பெய்த மறுநாள் கடப்பாரை வைத்து வேர்க் கழுத்தோடு எடுத்துவிட்டு, அந்தக் குழியிலேயே விதையைப் போடுங்கள்.

மிச்சம் இருக்கும் தொல்லை பக்கத்து வீட்டுக்காரர். "புதர் மண்டிக் கிடக்கு, பாம்பு வரும்" என்று ஒரு நாள் கண்டிப்பாகச் சொல்வார். ஜோத்பூரில் கோட்டைச் சுவர் இருக்கிறது, நமக்கு இல்லை. உயரமான செடிகளை உள்பக்கம் வைத்து, தெருவோரம் இரண்டடிக்கு விஷ்ணுகிராந்தியும் சிறுபூளையும் மட்டும் விட்டு, நடைபாதை ஓரத்தைக் கத்தரித்து நேர்கோடாக வைத்துக்கொண்டால் புதர் என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கும். இதெல்லாம் நாமாக வைத்தது என்று தெரிய, ஆவாரைக்குப் பக்கத்தில் பெயரெழுதிய ஒரு சின்னப் பலகை நட்டுவிடுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளையும் கேட்டு அந்த வீட்டிலிருந்தே ஆள் வரும்.